சிறிய கப்பல் அறையில் தளர்நடைக் குழந்தையின் படுக்கை ஏற்பாடு

சுற்றுலாக் கப்பலின் சிறிய அறையில் பெற்றோருடன் தங்கும் ஒன்று முதல் மூன்று வயது வரையிலான குழந்தையை எங்கே, எதன்மேல், எவ்வாறு உறங்க வைப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இந்த வயதுக் குழந்தையைத் தளர்நடைக் குழந்தை என்பர். நடக்கவும் ஏறவும் கற்றுக்கொண்ட, ஆனால் ஆபத்தை அறியாத பருவம் இது. கைக்குழந்தை கிடத்திய இடத்தில் பெரும்பாலும் கிடக்கும். தளர்நடைக் குழந்தை நள்ளிரவில் எழுந்து நிற்கும், இறங்கும், கதவைத் தேடிப் போகும். ஆகவே இதன் படுக்கையைப் பற்றித் தனியாகச் சிந்திக்க வேண்டியுள்ளது.

மதுரையும் கப்பல் பயணமும்

மதுரை கடற்கரை நகரம் அன்று. எனினும் இங்குள்ள குடும்பங்களுக்குச் சுற்றுலாக் கப்பல் இப்போது எட்டும் தொலைவில் உள்ளது. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் என்னும் சொகுசுக் கப்பலின் பயணத்தைத் தமிழக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். 2023 ஜூனில் இதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குச் சென்றது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகியவை அதன் வழியில் அமைந்த துறைகள்.

மதுரையிலிருந்து சென்னை இரயிலில் ஏறத்தாழ 490 கிலோமீட்டர். பாண்டியன் விரைவு வண்டியில் இரவு ஏறினால் விடிகாலையில் சென்னை. அதன்பின் கப்பலில் சில இரவுகள். ஆக, வீட்டுத் தொட்டில், இரயில் படுக்கை, கப்பல் அறை என மூன்று வேறுபட்ட இடங்களில் குழந்தை அடுத்தடுத்து உறங்குகிறது. ஓரிடத்தில் நன்றாக இருந்த வழக்கத்தை மற்றோர் இடத்துக்கு அப்படியே கொண்டுசெல்லும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது.

பழைய கடற்பயணங்களில்

தமிழ்க் குடும்பங்கள் குழந்தைகளுடன் கடல் கடந்தது புதிய செய்தி அன்று. 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட ரஜூலா என்னும் கப்பல், 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் ஓடியது. அதில் சென்றவர்களில் மிகப் பெரும்பாலோர் தளப் பயணிகள். அவர்களுக்கு அறை கிடையாது. கப்பல் தளத்தில் பாய் விரித்துப் படுத்தனர், குழந்தைகளும் அருகிலேயே படுத்தனர். அதன்பின் அவ்வழியில் ஓடிய எம். வி. சிதம்பரம் கப்பலின் சேவை 1985ஆம் ஆண்டுத் தீவிபத்தோடு முடிவுக்கு வந்தது.

அந்தப் பயணத்தில் வசதி குறைவு. ஆனால் குழந்தை தரையில் படுத்ததால் விழுவதற்கு உயரம் இல்லை. இன்றைய அறையில் மெத்தைக் கட்டில், சோபா, மேல்கட்டில் என எல்லாம் உள்ளன. அவை அனைத்தும் பெரியவர்களுக்காகச் செய்யப்பட்டவை.

அறையின் அளவு: ஒரு கணக்கு

சன்னல் இல்லாத உள்ளறை 140 முதல் 180 சதுர அடி வரை இருப்பது பல கப்பல்களில் வழக்கம். பழைய கப்பல்களில் இதைவிடச் சிறிய அறைகளும் உண்டு. நம் ஊர் வீடுகளில் 10 அடிக்கு 12 அடி படுக்கையறை 120 சதுர அடி. கப்பல் அறை இதைவிடச் சற்றுப் பெரிது என்று தோன்றலாம். ஆனால் குளியலறையும் அந்த அளவுக்குள்ளேயே அடங்கும்.

140 சதுர அடி அறையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். குளியலறைக்கு 30, துணி அலமாரிக்கு 15, இருவர் படுக்கும் கட்டிலுக்கு (6 அடிக்கு 6.5 அடி) 39, மேசைக்கும் சோபாவுக்கும் 26 சதுர அடி எனக் கழித்தால் மீதி 30 சதுர அடி. மடக்குத் தொட்டில் ஒன்றின் பொதுவான அளவு 2 அடிக்கு 4 அடி, அதாவது 8 சதுர அடி. அதை வைத்தபின் 22 சதுர அடி மிஞ்சும்.

கணக்கின்படி இடம் போதும். ஆனால் மிஞ்சும் இடம் பெரும்பாலும் கட்டிலுக்கும் கதவுக்கும் இடையே உள்ள ஒடுங்கிய நடைவழிதான். தொட்டிலை அங்கே வைத்தால் வழி அடைபடும். கப்பல் அறைக்கு ஒரே வாசல். இரவில் அபாய மணி ஒலித்தால், விளக்கு இல்லாத நிலையிலும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலுக்குப் போக வேண்டும். எனவே தொட்டில் எங்கே கொள்ளும் என்று பார்ப்பதற்கு முன், அதை வைத்த பின்னும் கதவு வரை 2 அடி அகல வழி இருக்குமா என்று பார்க்க வேண்டும்.

நல்ல படுக்கைக்கு மூன்று தேவைகள்

கப்பல் அறையில் எந்த ஏற்பாட்டையும் மூன்று கேள்விகளால் சோதிக்கலாம்.

ஒன்று, படுக்கை சமமாகவும் உறுதியாகவும் உள்ளதா? உடல் புதையும் மெத்தையும், உடல் நழுவும் இடுக்கும் ஆபத்தானவை.

இரண்டு, குழந்தை விழுந்தால் எவ்வளவு உயரத்திலிருந்து விழும்?

மூன்று, கதவுக்குச் செல்லும் வழி திறந்திருக்கிறதா?

இவற்றில் ஒன்றுக்குத் தவறான விடை வந்தாலும் அந்த ஏற்பாட்டைக் கைவிட வேண்டும். குழந்தை அழாமல் தூங்கிவிட்டது என்பதை மட்டும் வைத்து ஓர் இடம் பாதுகாப்பானது என்று முடிவு செய்ய முடியாது.

தூளி: ஏன் கட்டினர், ஏன் இங்கே வேண்டாம்?

மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி போன்ற சுற்றுப்புறங்களிலும் பழைய நூல்சேலையை விட்டத்து வளையத்தில் கட்டிக் குழந்தையைக் கிடத்துவது நெடுநாள் வழக்கம். வயல் வேலைக்குச் செல்லும் தாய்மார் மரக்கிளையிலும் கட்டுவர். இதைத் தூளி என்றும் தொட்டில் என்றும் சொல்வர். சிறிய வீட்டில் தரை இடத்தை அடைக்காமல், எறும்பும் பூச்சியும் அண்டாமல், காற்றோட்டமாகக் குழந்தையைக் கிடத்த நம் முன்னோர் கண்ட வழி இது. பெரியவர் ஒருவர் அருகிலிருந்து ஆட்டுவார் என்பது அதன் அடிப்படை.

தமிழ் இலக்கிய மரபும் இந்தப் பருவங்களைப் பிரித்தே காண்கிறது. குமரகுருபரர் மதுரையைக் களமாகக் கொண்டு பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் உள்ளிட்ட நூல்களில் தாலாட்டுக்குரிய தாலப் பருவம் முன்னே வரும். குழந்தை நடந்து வருவதைப் பாடும் வருகைப் பருவம் அதற்குப் பின்னரே வரும். நடக்கத் தொடங்கிய பிள்ளை தொட்டில் பருவத்தைக் கடந்துவிட்டது என்று இதிலிருந்து நாமும் எண்ணிக்கொள்ளலாம்.

நடக்கும் குழந்தை தூளியில் எழுந்து நிற்க முயலும், முறுக்கும், தலையை வெளியே நீட்டும். சேலைத் தூளியில் கழுத்து சிக்கிக் குழந்தைகள் இறந்த நிகழ்வுகள் இந்திய மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. கப்பல் அறையில் இன்னொரு தடையும் உண்டு. கூரையில் விட்டம் இல்லை. அங்கே நீட்டிக்கொண்டிருப்பவை தீயணைப்பு நீர்த்தெளிப்பான்களாக இருக்கும். அவற்றில் எதையும் தொங்கவிடக் கூடாது. சுவரில் ஒட்டும் காந்தக் கொக்கிகள் துண்டும் பையும் மாட்டுவதற்கு மட்டுமே.

ஆட்டினால்தான் தூங்கும் என்று பழகிய குழந்தைக்குக் கப்பலின் முதல் இரவில் தூக்கம் வராது. அந்த நேரத்தில்தான் பெற்றோர் ஏதாவது ஒரு தூளியைக் கட்ட வழி தேடுவர். புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே ஆட்டும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துத் தரைப் படுக்கைக்குப் பழக்குவது நல்லது. தாலாட்டை நிறுத்த வேண்டியதில்லை. கப்பலில் தூளி இருக்காது, அம்மாவின் பாட்டு உடன் வரும்.

இரயில் படுக்கையும் கப்பல் கட்டிலும்

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இரயிலில் பயணச்சீட்டு வேண்டாம். ஆனால் தனிப் படுக்கையும் கிடைக்காது. தாய் கீழ்ப்படுக்கையில் குழந்தையைச் சுவர்ப்பக்கம் கிடத்தி, தான் வெளிப்பக்கம் அணைபோலப் படுப்பதே வழக்கம். இந்த இட நெருக்கடியைக் குறைக்க 2022 மே 8 அன்று, அன்னையர் நாளில், வடக்கு இரயில்வேயின் இலக்னோ கோட்டம் இலக்னோ மெயில் வண்டியில் குழந்தைப் படுக்கையைச் சோதனை முறையில் அமைத்தது. கீழ்ப்படுக்கையின் ஓரத்தில் மடக்கி விரிக்கும் சிறு பலகை அது. தடுப்புப் பட்டியும் உண்டு.

இரயிலில் செய்ததையே கப்பல் கட்டிலிலும் செய்யலாம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் இரயில் பலகை கெட்டியானது, அசையாதது. கப்பல் கட்டில் பெரும்பாலும் இரண்டு ஒற்றைக் கட்டில்களைச் சேர்த்து அமைத்தது. நடுவில் இடுக்கு இருக்கும். சுவரோடு ஒட்டியதுபோல் தோன்றும் பக்கத்திலும் கைநுழையும் இடைவெளி இருக்கலாம். மெத்தை மென்மையானது, தலையணைகள் பெரியவை. இரயிலில் தாய் அரைத்தூக்கத்தில் இருப்பார். கப்பலில் நாள் முழுதும் அலைந்த களைப்பில் ஆழ்ந்து உறங்குவார். எனவே சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே குழந்தையைக் கிடத்துவது நல்ல தீர்வு அன்று.

படுக்கை வகைகளின் ஒப்பீடு

கப்பல் தரும் தொட்டில்: முன்பதிவு செய்யும்போதே கேட்டுப் பெற வேண்டும். எண்ணிக்கை குறைவாக இருக்கும். தொட்டிலின் அளவையும், எவ்வளவு எடை தாங்கும் என்பதையும், மெத்தை சேர்ந்து வருமா என்பதையும் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. ஒன்று முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைக்குப் பொதுவாக இதுவே முதல் தேர்வு.

சொந்த மடக்குத் தொட்டில்: வலைச் சுவர் கொண்ட மடக்குத் தொட்டில்கள் ஏறத்தாழ 10 கிலோ எடையுள்ளவை. இரயில், ஆட்டோ, கப்பல் எனத் தூக்கிச் செல்வது கடினம். பழகிய படுக்கை என்பதால் குழந்தை எளிதில் உறங்கும் என்பது இதன் நன்மை. தயாரிப்பாளர் தந்த மெத்தைக்கு மேல் இன்னொரு மெத்தையைப் போடக் கூடாது. ஓரத்தில் உண்டாகும் இடுக்கில் குழந்தையின் முகம் புதையலாம். குழந்தை 89 சென்டிமீட்டர் உயரத்தை எட்டினாலோ, அதற்கு முன்பே ஏறிக் குதிக்கக் கற்றுக்கொண்டாலோ இவ்வகைத் தொட்டிலை நிறுத்திவிட வேண்டும்.

தரைப் படுக்கை: ஏறிக் குதிக்கும் குழந்தைக்கு ஏற்றது. கோரைப்பாயைச் சுருட்டி எடுத்துச் செல்வது எளிது. அதன்மேல் ஒரு ஜமுக்காளத்தை இறுக்கமாக மடித்து விரித்தால் போதும். கட்டிலின் அடிப்பக்கம், சோபாவின் முன்பக்கம் போன்ற, யாரும் மிதிக்காத ஒதுக்கிடத்தில் விரிக்க வேண்டும். தரையில் படுக்கும் குழந்தை விரும்பியபோது எழுந்து நடக்கும். ஆகவே கதவின் தாழ், குளியலறைக் கதவு, கெண்டியின் மின்கம்பி ஆகியவற்றை அதற்கு எட்டாதவாறு முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சோபா: பெரியவர் குழந்தையோடு சோபாவில் உறங்கிவிடுவது மிக ஆபத்தான பழக்கங்களுள் ஒன்று என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் எச்சரிக்கிறது. சாய்மானத்துக்கும் இருக்கைக்கும் இடையே குழந்தை சிக்கிக்கொள்ளும். இந்த எச்சரிக்கை முதன்மையாக ஒரு வயதுக்கு உட்பட்டோருக்கானது. எனினும் தளர்நடைக் குழந்தைக்கும் சோபாவைத் தவிர்ப்பதே நல்லது.

மேல்கட்டில்: சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும் இந்தக் கட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு உரியது அன்று. பெரியவர் ஒருவர் மேலே படுத்தால் கீழே இடம் கிடைக்கும் என்பதே இதன் பயன்.

தள்ளுவண்டி: சாய்ந்த நிலையில் சிறிது நேரம் கண்ணயரலாம். இரவுத் தூக்கத்துக்கு ஆகாது.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையானால்

பல கப்பல் நிறுவனங்கள் ஆறு மாதம் நிறையாத குழந்தையை ஏற்பதில்லை. பெருங்கடலைக் கடக்கும் நெடும்பயணங்களில் ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும் என்று சில நிறுவனங்கள் கேட்கின்றன. ஒரு வயது வரை குழந்தையை மல்லாக்கக் கிடத்த வேண்டும். தலையணை, தடித்த போர்வை, பொம்மை எதுவும் படுக்கையில் இருக்கக் கூடாது. பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப்படுக்கையில் உறங்க வேண்டும். அமெரிக்காவில் 2022இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, 10 பாகைக்கு மேல் சாய்ந்த கைக்குழந்தைப் படுக்கைகளையும், தொட்டில் ஓரத்தில் கட்டும் பஞ்சு மெத்தைகளையும் விற்பதற்குத் தடை விதித்தது. மென்மையானவை பார்ப்பதற்கு இதமாக இருந்தாலும் மூச்சடைக்கக் காரணமாகலாம் என்பதை இந்தச் சட்டம் நினைவூட்டுகிறது.

குளிர், ஒளி, அசைவு

மதுரை வெயிலில் மின்விசிறிக்குப் பழகிய குழந்தைக்குக் கப்பலின் குளிர்சாதனக் காற்று புதிது. குளிர்காற்று நேராக விழும் இடத்தில் படுக்கையை வைக்கக் கூடாது. கனத்த போர்வையைவிட முழுக்கை, முழுக்கால் பருத்தி உடை மேலானது. கம்பளிக் குல்லா அணிவித்து உறங்க வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அறைக்குள் அது தேவையில்லை. கைக்குழந்தையின் உடல் மிகைவெப்பம் அடைய அது காரணமாகும்.

உள்ளறையில் விளக்கை அணைத்தால் பகலும் இரவுதான். குழந்தை விடிந்ததை அறியாது. பகல் தூக்கத்துக்கு இது நன்மை. இரவில் விழித்தால் அச்சம் தரும். குளியலறை விளக்கைப் போட்டு அதன் கதவைச் சிறிது திறந்து வைக்கலாம். கதவு அசைந்து விரலை நசுக்காதபடி அதை நிலைநிறுத்த வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 1 முதல் 2 வயதுவரை நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரமும், 3 முதல் 4 வயதில் 10 முதல் 13 மணி நேரமும் உறக்கம் தேவை. பகல் தூக்கமும் இதில் அடங்கும். பெற்றோர் நிகழ்ச்சிகளுக்குச் செல்வதற்காகக் குழந்தையின் பகல் தூக்கத்தைக் கெடுத்தால் இரவும் கெடும். இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்றே. சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னே செல்லும் என்பதால் அங்கே தூங்கும் நேரத்தைச் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும்.

கப்பலின் நடுப்பகுதியிலும் கீழ்த்தளங்களிலும் அசைவு குறைவு. அறையைத் தேர்ந்தெடுக்கும்போது இதைக் கேட்கலாம். கடல்நோய் இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கு அரிது. அதற்குப்பின் கூடும்.

தூக்கத்துக்காக மருந்து தரலாமா?

தரக் கூடாது. தூங்கட்டும் என்று சளி மருந்தைக் கொடுக்கும் பழக்கம் சில குடும்பங்களில் உள்ளது. வாந்திக்கும் ஒவ்வாமைக்கும் பயன்படும் புரோமெத்தசின் இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கு மூச்சு ஒடுக்கத்தை உண்டாக்கலாம் என்பதால் அவர்களுக்குத் தரக் கூடாதது. குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டோருக்குத் தரக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் அறிவுறுத்தியது. மருந்தால் மயங்கிய குழந்தை முகம் புதைந்தாலும் புரண்டு விலகாது. எந்த மருந்தையும் ஊரிலேயே குழந்தை மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுத்துச் செல்ல வேண்டும்.

கப்பலில் ஏறியதும் செய்ய வேண்டியவை

பெட்டியைப் பிரிப்பதற்கு முன் படுக்கை இடத்தை முடிவு செய்ய வேண்டும். காலிப் பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினால் நடைவழி திறக்கும். பெரியவர் ஒருவர் தரையில் மண்டியிட்டு, குழந்தையின் கண் உயரத்தில் அறையைச் சுற்றிப் பார்த்தால் கம்பிகளும் கூர்முனைகளும் தெரியும். மாடமுள்ள அறையானால் அதன் கதவு எப்போதும் தாழிட்டிருக்க வேண்டும். நாற்காலியைக் கைப்பிடிக் கம்பிக்கு அருகில் போடக் கூடாது.

அடுத்து, குழந்தைக்கான உயிர்காப்புச் சட்டையைக் கேட்டுப் பெற வேண்டும். 24 மணி நேரமோ அதற்கு மேலோ செல்லும் பயணிகள் கப்பலில் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் உரிய சட்டை இருக்க வேண்டும் என்பது கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் விதி. அதை அலமாரியின் உள்ளே புதைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வைக்க வேண்டும். புறப்படும் வேளையில் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சிக்குக் குழந்தையையும் உடன் அழைத்துச் செல்வது நல்லது.

வீட்டிலேயே ஓர் ஒத்திகை

இவை அனைத்தையும் புறப்படுவதற்கு முன்பே சோதித்துப் பார்க்கலாம். செலவு ஒரு சாக்கட்டி மட்டுமே. கூடத்திலோ மொட்டைமாடியிலோ 10 அடிக்கு 14 அடி செவ்வகம் ஒன்று வரைய வேண்டும். அதற்குள் குளியலறை, கட்டில், அலமாரி, சோபா ஆகியவற்றின் இடங்களை வரைந்து, வாசலைக் குறிக்க வேண்டும். தொட்டிலுக்குப் பதிலாக 2 அடிக்கு 4 அடி மடித்த பாயை ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்க்க வேண்டும். வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருந்தால் பரப்பளவுக் கணக்கை அவர்களிடமே விடலாம்.

பிறகு இரவில் விளக்கை அணைத்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, கட்டிலிலிருந்து வாசல்வரை நடக்க வேண்டும். கால் பாயில் பட்டால் அந்த இடம் சரியில்லை. பாயை நகர்த்தி மறுபடியும் நடக்க வேண்டும். எங்கும் இடறாமல் வாசலை அடையும்போது பாய் கிடக்கும் இடமே கப்பலில் குழந்தையின் படுக்கைக்குரிய இடம்.